கோவின் தடுப்பூசிச் சேவை: ஒரே தளம், இரண்டு கொள்கைகள்

கொரோனாத் தடுப்பூசிக்கு இணையத்தில் பதிவு செய்து இடம் பெறுவதற்காக ஒன்றிய அரசு நடத்திய கோவின் சேவையைப் பற்றி, அது நாள்தோறும் பேச்சில் இருந்த காலத்தில் வெளிவந்த கருத்துகள் பெரும்பாலும் இரண்டே வகையாக இருந்தன. ஒன்று, ஊசிக்கு இடம் கிடைக்காதவர்களின் வசை. மற்றொன்று, உலகமே நம்மைப் பார்த்து வியக்கிறது என்ற அரசுத் தரப்பின் பெருமிதம். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, இவர்கள் ஒரே தளத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்ற ஐயம் எழுவது இயல்பு. ஒரே தளம்தான். ஆனால் 2021 மே 1 முதல் ஜூன் 20 வரை அது ஒரு கொள்கையைச் செயல்படுத்தியது. ஜூன் 21 முதல் வேறொரு கொள்கையைச் செயல்படுத்தியது. மென்பொருள் அநேகமாக அப்படியே இருக்க, கொள்கை மட்டும் மாறியதால் ஒரு சேவையின் தரம் எந்த அளவுக்கு மாறும் என்பதற்கு இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. காலம் கடந்த பின்னும் இந்த மதிப்புரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

தொழில்நுட்பத்தின் தரத்தை முதலில் சொல்லிவிடலாம். கோவின் ஒரே மாதத்தில் வெற்றுத் தரையிலிருந்து எழுப்பப்பட்டதன்று. குழந்தைகளுக்கான தடுப்பூசிகளின் இருப்பையும் அவற்றைக் காக்கும் குளிர்பதனப் பெட்டிகளின் வெப்பநிலையையும் கண்காணிக்க, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் 2015 முதல் இயங்கிவந்த ஈவின் என்ற அமைப்பே அதற்கு அடித்தளம். 2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி போடத் தொடங்கியபோது இது அலுவலர்களுக்கான கருவியாக மட்டுமே இருந்தது. மார்ச் 1 அன்று 60 வயதைக் கடந்தவர்களுக்கும், இணைநோய் உள்ள 45 வயதைக் கடந்தவர்களுக்கும் ஊசி தொடங்கியபோதுதான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போது ஒரு கைபேசி எண்ணில் நான்கு பேரைப் பதிவு செய்ய முடிந்தது. ஓடிபி வந்ததும் உள்ளே நுழையலாம். அஞ்சல் குறியீட்டு எண்ணையோ மாவட்டத்தையோ கொடுத்தால் மையங்களின் பட்டியல் வரும். கைபேசி பழகிய எவருக்கும் இது கடினமான காரியம் அன்று. வீட்டிலிருந்த முதியவர்களுக்காக நான் பதிவு செய்தபோதும் எந்தத் தடுமாற்றமும் இருக்கவில்லை. ஊசி போட்டு முடித்ததும் கியூஆர் குறியீட்டுடன் கூடிய சான்றிதழை உடனே தரவிறக்கிக்கொள்ள முடிந்தது. அந்தச் சான்றிதழின் பின்னணியில் இருந்த டைவாக் என்ற திறந்த மூல மென்பொருளை இலங்கையும் பிலிப்பைன்சும் பின்னர் தமதாக்கிக்கொண்டன. 2021 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் 2.5 கோடி தவணைகள் பதிவாயின. அந்தச் சுமையைத் தாங்கிய தளம் என்ற அளவில் அதைக் கட்டியவர்களுக்கு முழு மதிப்பெண் தரலாம். (அன்று பிரதமரின் பிறந்தநாள் என்பதும், நாடு முழுவதும் ஊசிகள் அந்த ஒரு நாளில் குவிந்ததற்கு அதுவே காரணம் என்பதும் தனிக் கதை.)

ஆனால் ஒரு பொதுச் சேவையை அதன் பொத்தான்களைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. யாருக்கு முதலில், யாருக்குக் கட்டணம், யாருக்கு இடமே இல்லை என்ற கேள்விகளுக்கு விடை சொல்வது மென்பொருள் எழுதியவர் அல்லர், அவருக்குக் கட்டளையிட்டவர். கோவினுக்குக் கட்டளையிட்டது நரேந்திர மோடியின் அரசு. அந்த அரசின் நம்பிக்கைகளில் மூன்று இந்தத் தளத்தின் உடலிலேயே பதிந்திருக்கின்றன: குடிமகனையும் தில்லியையும் நேரடியாக இணைக்கும் எண்ணியல் அடையாளம், சந்தையின் திறமை, தலைவரின் உருவம்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். கோவினை வழிநடத்திய குழுவின் தலைவர் ஆர்.எஸ். சர்மா, ஆதார் ஆணையத்தின் முதல் தலைமை இயக்குநராக இருந்தவர். வங்கிக் கணக்கு, ஆதார், கைபேசி ஆகிய மூன்றையும் கோத்து இடைத்தரகர் இல்லாமல் மக்களை அடையலாம் என்பது இந்த அரசு தொடக்கம் முதலே சொல்லிவந்த கோட்பாடு. உதவித்தொகையைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. தடுப்பூசியைப் பொறுத்தவரை இந்த நாட்டின் அனுபவம் வேறு. போலியோ சொட்டு மருந்து கொடுத்தபோது எந்தத் தாயும் முன்பதிவு செய்ததில்லை. பேருந்து நிலையத்திலும் சத்துணவுக் கூடத்திலும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் குழந்தையின் விரலில் மை வைத்து அனுப்பினார்கள், விடுபட்ட வீடுகளைக் கிராம சுகாதாரச் செவிலியர் தேடிப் போனார். அங்கே குழந்தையைத் தேடிப் போகும் கடமை அரசுக்கு இருந்தது. கோவினில் அந்தக் கடமை குடிமகனின் பக்கம் நகர்த்தப்பட்டது. அதிலும், 18 முதல் 44 வயதினருக்கு மே 1 முதல் ஊசி என்று அறிவித்தபோது, அவர்கள் இணையத்தில் பதிவு செய்து இடம் பெற்றே தீரவேண்டும், நேரில் வந்து வரிசையில் நிற்கக் கூடாது என்று விதிக்கப்பட்டது. கூட்ட நெரிசலைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்று அரசு விளக்கியது. அந்த அச்சம் பொய்யன்று. ஏப்ரல் 28 அன்று பதிவு திறந்ததும் முதல் நாளிலேயே 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். ஆயினும் நெரிசலைக் குறைக்க எடுத்த வழி, கைபேசியும் இணையமும் ஆங்கிலமும் உள்ளவர்களை வரிசையின் முன்னால் நிறுத்தியது.

ஆங்கிலம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு மூன்று மாதங்கள் ஆகும்வரை இந்தத் தளம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. 2021 ஜூன் தொடக்கத்தில் இந்தியும் வேறு பல இந்திய மொழிகளும் சேர்க்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்த பிறகுதான் தமிழும் சேர்ந்தது. பார்வைத்திறன் குறைந்தவர்கள் படும் பாட்டை உச்ச நீதிமன்றமே பட்டியலிட்டது. நீதிபதிகள் சந்திரசூட், நாகேஸ்வர ராவ், ரவீந்திர பட் ஆகியோர் அடங்கிய அமர்வு, தானாக முன்வந்து எடுத்த வழக்கில், ஜார்க்கண்டைச் சேர்ந்த எழுத்தறிவில்லாத தொழிலாளி ராஜஸ்தானில் இருந்துகொண்டு எப்படிப் பதிவு செய்வார் என்ற பொருளில் அரசு வழக்கறிஞரைக் கேட்டது. கிராமங்களில் உள்ள பொதுச் சேவை மையங்களுக்குப் போகலாம் என்பது அரசின் விடை. பெருந்தொற்று உச்சத்தில் இருந்தபோது, ஊசிக்கான கூட்டத்தைத் தவிர்ப்பதற்காகக் கணினி மையத்தில் கூடச் சொல்வது என்ன தர்க்கம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. மே 24 அன்று அரசு மையங்களில் 18 முதல் 44 வயதினரும் நேரில் வந்து பதிவு செய்துகொள்ளலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. அதற்காகப் புதிய தளம் எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் 45 வயதைக் கடந்தவர்களில் தகுதி பெற்றவர்கள் நேரடியாகவே மையத்துக்குப் போகலாம் என்றிருந்தபோதும் தமிழ்நாட்டில் கூட்டம் வரவில்லை. 2021 ஏப்ரல் 11 வரையிலான கணக்கின்படி, தடுப்பூசியை வீணாக்கிய மாநிலங்களில் தமிழ்நாடு 12.10 விழுக்காட்டுடன் முதலிடத்தில் இருந்தது. திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். அதற்குள் போதிய ஆட்கள் வராவிட்டால் மீதம் குப்பைக்குத்தான் போகும். ஊசி போட்டுக்கொண்ட இரண்டு நாட்களில், ஏப்ரல் 17 அன்று, நடிகர் விவேக் மாரடைப்பால் இறந்ததும் தயக்கம் அச்சமாக மாறியது. அவர் மறைவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு பல மாதங்கள் கழித்துச் சொன்னபோது அச்சம் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. இந்த இரண்டு மாதக் குறையைக் கோவின் தலையில் கட்ட முடியாது.

இரண்டாவது நம்பிக்கையான சந்தையின் திறமைக்கு வருகிறேன். இந்தச் சேவை உண்மையில் தோற்ற இடம் இதுதான். 2021 பிப்ரவரி 24 அன்று, பொதுத்துறை நிறுவனங்களை விற்பது குறித்த கருத்தரங்கில், தொழில் நடத்துவது அரசின் தொழில் அன்று என்று மோடி பேசினார். இரண்டு மாதங்கள் கழித்து, ஏப்ரல் 19 அன்று, தாராளமயமாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் அறிவிக்கப்பட்டது. பெயரிலேயே தாராளமயம் இருந்தது. உற்பத்தியில் பாதியை ஒன்றிய அரசு வாங்கும். எஞ்சிய பாதியை மாநில அரசுகளும் தனியார் மருத்துவமனைகளும் நிறுவனங்களுடன் நேரடியாகப் பேசி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றிய அரசுக்கு ஒரு தவணை 150 ரூபாய். கோவிஷீல்டுக்கு சீரம் நிறுவனம் முதலில் அறிவித்த விலை, மாநிலங்களுக்கு 400 ரூபாய், தனியாருக்கு 600 ரூபாய். கோவாக்சினுக்கு பாரத் பயோடெக் அறிவித்தது, மாநிலங்களுக்கு 600 ரூபாய், தனியாருக்கு 1,200 ரூபாய். எதிர்ப்பு வலுத்ததும் மாநிலங்களுக்கான விலைகள் முறையே 300, 400 என்று இறங்கின. அதே குப்பி, அதே தொழிற்சாலை, மூன்று விலை.

உலகளாவிய தடுப்பூசித் திட்டம் 1985-இல் தொடங்கியது முதல், குழந்தைகளுக்கான ஊசிகளை ஒன்றிய அரசு மொத்தமாக வாங்குவதும் மாநில அரசுகள் இலவசமாகப் போடுவதுமே நடைமுறையாக இருந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் அதில் கை வைக்கவில்லை. ஒரே ஒருவர் வாங்கும்போது விலை குறையும் என்பது சந்தைப் பொருளாதாரத்தின் பாலபாடம். சந்தையை நம்பிய அரசு அதை மறந்தது வியப்புக்குரியது. தாங்களே வாங்கிக்கொள்ள உரிமை வேண்டுமென்று சில மாநிலங்கள் கேட்டது உண்மை. மேற்கு வங்க முதல்வர் கடிதம் எழுதினார். காங்கிரஸ் தலைவர்களும் மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் கேட்டார்கள். ஆனால் சரக்கே இல்லாத கடைக்குள் போய் வாங்கும் உரிமையை அவர்கள் கேட்கவில்லை. ஜனவரியில் ஒன்றிய அரசு கொடுத்த முதல் ஆணை கோவிஷீல்டு 1.1 கோடி, கோவாக்சின் 55 லட்சம் தவணைகளுக்கு மட்டுமே. அதே ஜனவரி 28 அன்று உலகப் பொருளாதார மன்றத்தில் பேசிய பிரதமர், கொரோனாவைக் கட்டுப்படுத்தியதன் மூலம் இந்தியா மனிதகுலத்தைப் பெரும் அழிவிலிருந்து காத்தது என்றார். மே 6 அன்று ஒரே நாளில் 4.14 லட்சம் பேருக்குத் தொற்று உறுதியானது. ஜனவரியின் அந்த நிறைவுணர்வும் ஆணைகளின் சிறுமையும் ஒரே மனநிலையின் இரண்டு முகங்கள்.

இதன் விளைவை கோவினில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். பதிவு நொடியில் முடியும். இடம் தேடினால் பட்டியல் முழுவதும் சிவப்பு. தமிழ்நாட்டில் 18 முதல் 44 வயதினருக்கான ஊசியை முதல்வர் மு.க. ஸ்டாலின் திருப்பூரில் தொடங்கி வைத்தது மே 20 அன்றுதான். இடைப்பட்ட நாட்களில் அரசு மையம் எதுவும் இவர்களுக்கு இல்லாமலே பதிவு மட்டும் நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாடு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது, ஒருவரும் முன்வரவில்லை. பஞ்சாப் அரசிடம் மாடர்னா நிறுவனம், நாங்கள் இந்திய ஒன்றிய அரசுடன் மட்டுமே பேசுவோம் என்று சொல்லி அனுப்பியது. தில்லி மாநில அரசுக்கும் அதே பதில். தளத்தின் தரவை வெளியாட்கள் நிரல் வழியே படிக்கும் வசதி ஏப்ரல் இறுதியில் திறக்கப்பட்டதால், இடம் காலியானதும் டெலிகிராமில் அறிவிக்கும் சேவைகள் முளைத்தன. கணினி தெரிந்த நகரத்து இளைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டு சுற்றுவட்டாரக் கிராம மையங்களுக்குக் காரில் போய் ஊசி போட்டுத் திரும்பினார்கள். அந்தக் கிராமத்தவர்களுக்கு இடம் இல்லாமல் போனது. அந்த இளைஞர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, எல்லோரும் பயந்திருந்தார்கள். முந்தியவருக்கே முதல் இடம் என்று விதி எழுதியவர் யார் என்பதே கேள்வி.

இங்கே செங்கல்பட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஒன்றிய அரசின் பணத்தில் கட்டப்பட்ட எச்.எல்.எல். நிறுவனத்தின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் அங்கே உற்பத்தி எதுவும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. ஸ்டாலின் மே 25 அன்று நேரில் பார்த்துவிட்டு, அதை மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தரும்படி பிரதமருக்கு எழுதினார். இரண்டு தனியார் நிறுவனங்களை மட்டும் நம்பி நூறு கோடி மக்களுக்கு ஊசி போடத் திட்டமிட்ட நேரத்தில், அரசுக்குச் சொந்தமான கூடம் பூட்டிக் கிடந்தது. இதற்கு பா.ஜ.க.வை மட்டும் பொறுப்பாக்குவது எளிது, ஆனால் சரியன்று. கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மைய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறைக் கூடங்களின் உற்பத்தி உரிமம் 2008 ஜனவரியில் நிறுத்தப்பட்டபோது தில்லியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி அரசு. சுகாதார அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த அன்புமணி ராமதாஸ். உற்பத்தித் தரம் போதவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். தரத்தை உயர்த்துவதற்கு முன் உற்பத்தியை நிறுத்தும் துணிவு, தனியார் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையிலிருந்தே வரும். கட்சிகள் மாறினாலும் இந்த ஒரு நம்பிக்கை தில்லியில் இருபது ஆண்டுகளாக மாறவில்லை.

எதிர்த்தரப்புக் கொள்கையும் தன் பங்குக்குச் சறுக்கியது. சத்தீஸ்கரில் பூபேஷ் பாகேல் தலைமையிலான காங்கிரஸ் அரசு, கோவினின் முந்தியவருக்கே முதல் இடம் என்ற விதியை ஏற்காமல், மே 1 முதல் மிக ஏழைகளுக்கான அந்தியோதயா குடும்ப அட்டை வைத்திருப்பவர்களுக்கே முதலில் ஊசி என்று அறிவித்தது. கைபேசி இல்லாதவரைத் தேடிப் போகும் எண்ணம் பாராட்டுக்குரியது. நடந்ததோ வேறு: இலக்கு வைத்த குடும்பங்கள் போதிய அளவில் வரவில்லை, உயர் நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டைக் கேள்வி கேட்டது, அந்த வயதினருக்கான ஊசியே சில நாட்கள் நின்றுபோய், பிறகு எல்லாப் பிரிவினருக்கும் விகிதம் பிரித்துத் தொடர்ந்தது. அதே அரசு சி.ஜி. டீகா என்று தனக்கென ஒரு பதிவுத் தளத்தை எழுதிக்கொண்டு, சான்றிதழில் பிரதமர் படத்துக்குப் பதிலாக முதல்வர் படத்தை அச்சிட்டது. ஏழைக்கு முதலிடம் என்ற சமத்துவம் பேசிய தளமும் படம் என்று வந்ததும் தில்லியின் வழியைத்தான் பின்பற்றியது. அதைவிடக் கேரளத்தின் வழி எனக்கு உவப்பானது. இடதுசாரி அரசு எல்லோருக்கும் இலவசம் என்று சொல்லி, கட்ட முடிந்தவர்களை முதல்வர் நிவாரண நிதிக்குத் தரச் சொன்னது. செவிலியர்கள் குப்பியில் இருந்த கூடுதல் துளியையும் வீணாக்காமல், மே முதல் வாரத்துக்குள் பெற்ற 73,38,806 தவணைகளைக் கொண்டு 74,26,164 தவணைகளைப் போட்டுக் காட்டினார்கள். பிரதமரே அதைப் பாராட்டினார். கேரளமும் அதே கோவினைத்தான் பயன்படுத்தியது.

மே 31 தேதியிட்ட ஆணையில் உச்ச நீதிமன்றம், 45 வயதைக் கடந்தவருக்கு இலவசம், இளையவருக்குக் கட்டணம் என்ற கொள்கை மேலோட்டமான பார்வையிலேயே தன்னிச்சையானது, அறிவுக்குப் பொருந்தாதது என்றது. வரவுசெலவுத் திட்டத்தில் தடுப்பூசிக்கென ஒதுக்கிய 35,000 கோடி ரூபாய் எப்படிச் செலவிடப்பட்டது என்று கணக்கும் கேட்டது. கொள்கையில் நீதிமன்றம் தலையிட வேண்டாம் என்று அதற்கு முன் அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருந்தது. ஜூன் 7 மாலை பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, ஜூன் 21 முதல் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகத் தரும் என்று அறிவித்தார். தனியாருக்கு 25 விழுக்காடு தொடர்ந்தது. சேவைக் கட்டணம் 150 ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வந்தது. கொள்கை மாறிய ஜூன் 21 அன்று 80 லட்சத்துக்கும் மேற்பட்ட தவணைகள் போடப்பட்டன.

கோவினின் இரண்டாவது வாழ்க்கை அன்றுதான் தொடங்கியது. முன்பதிவு விருப்பமாயிற்று, நேரில் வருவது வழக்கமாயிற்று, தளம் வாயிற்காவலர் வேலையை விட்டுக் கணக்கெழுதும் வேலைக்கு வந்தது. அந்த வேலையில் அதற்கு நிகரில்லை. தமிழ்நாட்டில் செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா தடுப்பூசி முகாமில், 40,000 இடங்களில், 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். வீதிமுனையில் மேசை, பெயரைக் கேட்டுக் கைபேசியில் பதியும் ஒரு பெண், ஊசி போடும் ஒரு செவிலியர். ஏறத்தாழச் சொட்டு மருந்து முகாமின் வடிவம்தான் அது, எண்ணியல் பதிவேட்டுடன். அக்டோபர் 21 அன்று நாட்டில் 100 கோடித் தவணைகள் நிறைந்தன. தனியாருக்கு ஒதுக்கிய கால் பங்கு என்னவாயிற்று என்பதும் தெரிய வேண்டும். மே 1 முதல் ஜூலை நடுப்பகுதி வரை போடப்பட்ட ஊசிகளில் தனியார் மருத்துவமனைகளின் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடுதான். மீதமிருப்பதைத் தங்களுக்குத் தரும்படி கேட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

மூன்றாவது நம்பிக்கையைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. சான்றிதழை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்த்தாலே போதும். அதில் பிரதமரின் படம் போட்டது விழிப்புணர்வுக்காக, பொதுநலன் கருதி என்று 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சுகாதார இணை அமைச்சர் விளக்கமளித்தார். படத்தை நீக்கக் கோரிய மனுவை அந்த ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துடன் தள்ளுபடி செய்தது. ஆனால் தேர்தல் ஆணையத்தின் தலையீட்டால், சட்டமன்றத் தேர்தல் நடந்த தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், அசாம், மேற்கு வங்கம் ஆகியவற்றில் 2021 வசந்தத்தில் படம் இல்லாமலே சான்றிதழ் வந்தது. அங்கே விழிப்புணர்வு குறைந்ததாக எவரும் குற்றம் சாட்டவில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுவதும் படம் மறைந்ததற்கும் தேர்தல் நடத்தை விதியே காரணம் என்று அமைச்சகம் சொன்னது. ஒரு மாநிலத்துக்கு மட்டும் ஒரு படத்தை ஏற்றவும் இறக்கவும் முடிகிற வசதி மென்பொருளில் 2021 வசந்தத்திலேயே இருந்திருக்கிறது. பார்வையற்றோருக்கான வசதி மட்டும் நீதிமன்றம் கேட்டபிறகுதான் பேச்சுக்கு வந்தது.

இவற்றையெல்லாம் வலதுசாரி ஆட்சி என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடலாகாது. அதே முகாமைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் அன்றைய பிரேசில் அதிபர் போல்சனாரோ, ஊசியே போட்டுக்கொள்ள மாட்டேன் என்று வெளிப்படையாகப் பேசினார். (இந்தியாவிலிருந்து 20 லட்சம் தவணைகள் போனபோது, அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கி வருவது போன்ற படத்தைப் போட்டு நன்றி சொன்னவரும் அவரேதான்.) மோடி 2021 மார்ச் 1 அன்று காலையிலேயே எய்ம்ஸ் மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார்; அதுவும் கோவாக்சின். அறிவியலை மறுப்பது இவருடைய கொள்கையில் இல்லை. உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமிதம் அதில் உண்டு. மூன்றாம் கட்டச் சோதனையின் பலன் வெளிவருவதற்கு முன்பே ஜனவரி 3 அன்று கோவாக்சினுக்கு அனுமதி கிடைத்ததில் அந்தப் பெருமிதத்துக்கும் பங்குண்டு என்று நான் கருதுகிறேன். சத்தீஸ்கர் அரசு தொடக்கத்தில் கோவாக்சினை வேண்டாம் என்று மறுத்ததிலும் அறிவியல் ஐயத்தோடு அரசியல் கலந்தே இருந்தது.

தனியுரிமையில் இந்தச் சேவைக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணே தருவேன். ஆதார் கட்டாயமில்லை என்று விதி சொன்னது. அடையாள ஆவணமே இல்லாத 87 லட்சம் பேருக்கு ஊசி போட்டதாக 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் அரசு தெரிவித்தது. அது பெரிய சாதனை, பாராட்டலாம். ஆனால் ஆதார் கொடுத்தவர்கள் பலருக்கு, தாம் கேட்காமலே சுகாதார அடையாள எண் ஒன்று சான்றிதழில் முளைத்திருந்தது. 2023 ஜூனில், கைபேசி எண்ணைக் கொடுத்தால் ஊசி போட்டவரின் ஆவண எண் உள்ளிட்ட விவரங்களைத் தரும் டெலிகிராம் பாட் (தானியங்கி நிரல்) ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. தளம் நேரடியாக ஊடுருவப்படவில்லை என்று அரசு மறுத்தது. எங்கிருந்து கசிந்தால் என்ன, கசிந்தவை மக்களின் விவரங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது அதற்கு இரண்டு மாதங்கள் கழித்து. நூறு கோடிப் பேரின் விவரங்களை முதலில் திரட்டிவிட்டுப் பிறகு சட்டம் இயற்றும் வரிசை ஆதார் காலத்திலிருந்தே தொடர்கிறது. தன் ஆதார் எண்ணைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டு, முடிந்தால் எனக்குத் தீங்கு செய்து பாருங்கள் என்று 2018-இல் சவால் விட்டவர்தான் ஆர்.எஸ். சர்மா என்பதை நினைத்துக்கொண்டால் இந்த வரிசை வியப்பளிக்காது.

விதியும் மென்பொருளும் ஒன்றாகிவிட்டதன் சிக்கலைக் காட்டும் வழக்கு ஒன்று உண்டு. கோவிஷீல்டின் இரண்டு தவணைகளுக்கு இடைவெளி 12 முதல் 16 வாரங்கள் என்று 2021 மே 13 அன்று நீட்டிக்கப்பட்டது. மருத்துவக் காரணம் சொல்லப்பட்டாலும் தட்டுப்பாட்டுக் காலத்தில் அது வந்ததால் பலர் நம்பவில்லை. வெளிநாடு செல்பவர்களுக்கு 28 நாட்களில் போடலாம் என்று பிறகு விலக்கு வந்தது. அப்படியானால் பணம் கொடுத்துத் தன் தொழிலாளர்களுக்கு ஊசி வாங்கிய ஒரு நிறுவனத்துக்கு அந்த உரிமை ஏன் இல்லை என்று கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. செப்டம்பரில் தனி நீதிபதி, நான்கு வாரங்களில் போட்டுக்கொள்ள விரும்புவோருக்கு ஏற்பக் கோவினில் மாற்றம் செய்யும்படி ஆணையிட்டார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட விதியை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஆளைப் பார்த்து நெகிழ்த்திக்கொள்வார். கோவினில் தேதி வராவிட்டால் பொத்தான் திறக்காது. மருத்துவரும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது கோவினைத் திறப்பவர்கள் பெரும்பாலும் பழைய சான்றிதழைத் தேடுபவர்கள்தாம். அதே பொறியமைப்பைக் கொண்டு, குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்குமான வழக்கமான தடுப்பூசிகளுக்கு யூவின் என்ற தளம் 2023-இல் 65 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி விரிவடைந்திருக்கிறது. அதில் தாய் முன்பதிவு செய்யாமல் வந்தாலும் செவிலியரே பதிந்துகொள்ளலாம், ஊசிக்கு விலையும் இல்லை. அங்கே வாங்குவது ஒன்றிய அரசு, போடுவது மாநில அரசு என்ற 1985-ஆம் ஆண்டு ஏற்பாடே தொடர்கிறது.